சாயங்காலத் திட்டு

நொச்சிமேட்டூரில் போலீஸ் வயர்லெஸ் மைக்குக்குப் பூட்டுப் போட்ட பிறகு, அந்த மைக்கில் யார் பெயரைச் சொன்னாலும் அந்த ஆளின் வாய்க்கும் பூட்டு விழுந்துவிடும் என்பது, ரேஷன் கடை திறக்கும் நேரம்போல எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வெளியூர்க்காரர்கள் கேட்டால்தான் இதை விளக்க வேண்டியிருக்கிறது. விளக்கும்போதும் ஏன் அப்படி ஆனது என்று எங்களுக்குச் சொல்லத் தெரியாது. எப்படிச் சமாளித்தோம் என்பதுதான் தெரியும்.

பூட்டுக்கு முந்தைய காலத்தை முதலில் சொல்ல வேண்டும். அப்போது போலீஸ்காரர்கள் தங்களுக்குள் வயர்லெஸ்ஸில் பேசிக்கொள்வதை, ஒரு கையடக்க செட்டும் கொஞ்சம் பொறுமையும் உள்ள எவரும் கேட்க முடிந்தது. சட்டப்படி அது கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். கூடாது என்று தெரிந்தேதான் எங்கள் ஊரில் சிலர் கேட்டார்கள், அவர்கள் கேட்கிறார்கள் என்று தெரிந்தேதான் மற்றவர்கள் அவர்களிடம் போய்க் கேட்டார்கள், இப்படியாக ஊரே கேட்டது. எந்தத் தெருவில் திருட்டு, எந்த வளைவில் விபத்து, எந்த மந்திரி எத்தனை மணிக்கு வருகிறார் என்பதெல்லாம் போலீஸுக்குத் தெரிந்த கையோடு எங்களுக்கும் தெரிந்தது. ஆனால் ஊர் கூடிக் கேட்டது அவற்றையல்ல. சாயங்காலத் திட்டைத்தான்.

சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் டி.எஸ்.பி. தன் எல்லையில் உள்ள ஸ்டேஷன்களை மைக்கில் வரிசையாகக் கூப்பிட்டு அன்றைய நிலவரம் கேட்பார். கேட்பார் என்பது மரியாதைக்குச் சொல்வது, திட்டுவார். மைக்கில் அதிகாரிகளுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். எங்கள் இன்ஸ்பெக்டர் நாற்பத்தொன்று. "நாப்பத்தொண்ணு, லைன்ல இருக்கியா, இல்ல டீக்கடையில இருக்கியா?" என்று அந்தக் குரல் ஆரம்பித்தால், சூசை சவுண்ட் சர்வீஸ் வாசலில் வாடகைக்கு வைத்திருக்கும் பிளாஸ்டிக் சேர்களில் உட்கார்ந்திருக்கும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். காணாமல்போன டிரான்ஸ்பார்மர் பற்றியும், பிடித்து வைத்திருந்தும் தப்பிப்போன சேவல்சண்டைச் சேவல் பற்றியும் டி.எஸ்.பி. கேட்பார். எல்லாவற்றுக்கும் இன்ஸ்பெக்டரின் பதில் ஒன்றுதான்: "எஸ் சார். ரோஜர் சார்."

மறுநாள் காலையில் இன்ஸ்பெக்டர் குப்புராஜ் கடைக்கு டீ குடிக்க வருவார். முந்தின நாள் திட்டு பலமாக இருந்திருந்தால் குப்புராஜ், யாரும் சொல்லாமலேயே, அவர் கிளாசில் ஒரு ஸ்பூன் சர்க்கரை கூடுதலாகப் போட்டுவிடுவார். ஒரு நாள் இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"என்னப்பா, ஒரு நாள் சப்புன்னு இருக்குது, ஒரு நாள் பாயசமா இருக்குது?"

"நேத்து உங்கள ரொம்பப் பேசிப்போட்டாருங்களே அய்யா," என்றார் குப்புராஜ். "சேவலுக்குப் போயி அத்தனை பேச்சுங்களா?"

இன்ஸ்பெக்டர் கிளாசைப் பெஞ்சில் வைத்துவிட்டு, பாதி டீயோடு எழுந்துபோனார். அந்த வாரமே, காவல்துறையின் உரையாடல்கள் சமூக விரோதிகளின் காதில் விழுவதால் தேசத்தின் பாதுகாப்புக்கே ஆபத்து என்று மேலே எழுதினார் என்றும், அதன்படிதான் பூட்டு வந்தது என்றும் சொல்வார்கள். அந்த ஒரு ஸ்பூன் சர்க்கரைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று அடித்துச் சொல்ல எங்களுக்குத் தைரியம் இல்லை. ஆனால் வேறு காரணம் எதையும் யாரும் சொன்னதில்லை.

கேட்பவர்களில் மகுடேஸ்வரி வேறு மாதிரி. சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். அவளுக்குச் சேவலும் வேண்டாம், திட்டும் வேண்டாம். அவள் கணவன் சடையப்பன் கோழித் தீவன லாரி ஓட்டுகிறவன். பைபாஸ், மலைப்பாதை, நாமக்கல், பாலக்காடு என்று போனால் போன இடத்தில் இருப்பான், போனை எடுக்க மாட்டான். விபத்து நடந்தால் மைக்கில் முதலில் வண்டி நம்பர் வரும், பிறகு டிரைவர் பெயர் வரும். அவள் கல்லாவுக்குப் பக்கத்தில் செட்டைச் சின்னச் சத்தத்தில் வைத்துக்கொண்டு, பத்திரங்களை மெஷினுக்குள் ஒவ்வொரு தாளாகக் கொடுத்துக்கொண்டே, அவன் பெயர் வராமல் இருப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். கடையடைக்கும் வரை வராவிட்டால் எழுந்துபோய் அரிசி களைவாள். கல்யாணமான நாளிலிருந்து அவளுடைய நிம்மதி என்பது இவ்வளவுதான்: ஊரிலுள்ள எல்லாப் பெயர்களும் வந்துபோகிற ஒரு மைக்கில் அந்த ஒரு பெயர் மட்டும் வராமல் இருப்பது.

கேட்பவர்களுக்கு ஒரு கட்டுப்பாடும் இருந்தது. செட்டில் பேசுவதற்கு ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தக் கூடாது. கேட்பது மட்டும்தான் நம் வேலை, நம் குரல் அங்கே போகக் கூடாது. சூசை இதைப் புதிதாகச் சேர்கிறவர்களிடம் சத்தியம் மாதிரி வாங்கிக்கொள்வார். மகுடேஸ்வரி தன் செட்டின் பட்டன்மேல் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியை ஒட்டியே வைத்திருந்தாள், தெரியாமல் விரல் பட்டுவிடக் கூடாதே என்று.

பூட்டு வந்த நாளில், கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவர் சென்னையிலிருந்து வந்து, பழைய செட்டுகளை மூட்டை கட்டிவிட்டுப் புதியவற்றைக் கொடுத்து, "இனிமே எல்லாமே பூட்டு சார், வெளிய கேக்குறவனுக்கு வெறும் இரைச்சல்தான்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். அன்று சாயங்காலம் சேர்களில் உட்கார்ந்தவர்களுக்கு, சூசையின் செட்டிலிருந்து எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் போட்ட மாதிரி ஓர் இரைச்சல் மட்டும் வந்தது. ஏற்ற இறக்கம் இருந்தது, நடுநடுவே மூச்சுவிடும் இடைவெளிகூட இருந்தது, வார்த்தை மட்டும் இல்லை. திட்டுதான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. என்ன திட்டு என்றுதான் தெரியவில்லை. கொஞ்ச நேரம் மரியாதைக்கு உட்கார்ந்திருந்துவிட்டுக் கலைந்துபோனார்கள்.

மறுநாள் மாவு மில் பொன்னுரங்கம், "அம்மிணி, ராகி நாளைக்குத்தான்" என்று ஒரு பெண்ணிடம் சொல்லத் தொடங்கி, 'அம்மிணி' வரை தமிழிலும் அதற்குப் பிறகு அப்பள இரைச்சலிலும் பேசினார். டாக்டர் தொண்டையில் ஒன்றுமில்லை என்றார். எழுதிக் காட்டச் சொன்னபோது, கோழி கிளறிய மாதிரி கோடுகள்தான் வந்தன. கரண்டு திருட்டுக்காக அவர் பெயர் அந்நேரம் மைக்கில் போயிருக்கிறது என்பது ஈபி ஆட்கள் வந்த பிறகு தெரிந்தது. அடுத்து ஒரு சீட்டுக் கம்பெனிக்காரர், அதற்கடுத்து கோயில் தர்மகர்த்தா, அதற்கடுத்து யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாத ஒரு டெய்லர். டெய்லர் பெயரை ஏன் சொன்னார்கள் என்று டெய்லருக்கே தெரியவில்லை. அதுதான் இதிலுள்ள சிரமம். தன்னைப்பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்பது பூட்டு விழுந்தவருக்கே தெரியாது, பேசிக்கொண்டார்கள் என்பது மட்டும் ஊருக்கே தெரியும்.

ரகசியமாக வைக்கத்தான் பூட்டுப் போட்டார்கள். ஆனால் முன்பு காதை வைத்துக் கேட்டால்தான் தெரிந்த விஷயம், இப்போது சம்பந்தப்பட்டவர் வாயைத் திறந்தாலே தெரிந்தது. போலீஸ் இதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டவருக்கு, அப்படி ஒரு இரைச்சல் இந்த அலுவலகப் பதிவேடுகளில் இல்லை என்று பதில் வந்தது.

ஊர் இதை மிகச் சீக்கிரம் பழகிக்கொண்டது. சாயங்காலமானால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வெளியூரிலிருக்கும் பிள்ளைகளுக்குப் போன் போகும். "பேசு சாமி." "என்னத்தப் பேசறதும்மா?" "அது போதும், வை." பெண் பார்க்க வந்தவர்கள் மாப்பிள்ளையை ஒரு வாக்கியமாவது முழுதாகப் பேசச் சொல்லிக் கேட்டார்கள். அதே சமயம், பூட்டு விழுந்த பெரிய மனிதர்கள் எல்லோரும் அதற்குக் காரணம் வி.ஐ.பி. பந்தோபஸ்து என்று வீட்டு ஆட்கள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். போலீஸ் மைக்கில் பெயர் போகிற அளவுக்கு ஆள் பெரியவர் என்று அதற்கு அர்த்தம். இதனால் பூட்டு விழாதவர்களுக்குக் கௌரவக் குறைச்சலாகிவிட்டது. மூன்றாவது வார்டு கவுன்சிலர் ஒரு மாதம் இரைச்சலாகவே பேசித் திரிந்தார்; அவருடையது அப்பள இரைச்சல் அல்ல, குக்கர் இரைச்சல் என்று அவர் மனைவியே சொன்னதும் விட்டுவிட்டார்.

ஸ்டேஷனில் இன்னொரு வசதி ஏற்பட்டது. பூட்டு விழுந்தவரை விசாரணைக்கு அழைத்தால் அவர் சொல்வது எதுவும் புரியாது. "நீங்க பேசறது எங்களுக்குப் புரியலீங்க, அதனால நாங்களே எழுதிட்டோம்" என்று ரைட்டர் தாளை நீட்டுவார், அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். கையெழுத்தைப் பூட்டு ஒன்றும் செய்யாது. டெய்லர் இப்படித்தான் தான் பார்த்தேயிராத ஒரு மோட்டார் பம்பைத் திருடியவரானார்.

பூட்டைத் திறக்கும் வழியை ஒரு சண்டைதான் காட்டிக்கொடுத்தது. வரப்புத் தகராறில் இருந்த அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே நாளில் பூட்டு விழுந்திருந்தது. குப்புராஜ் கடையில் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள், வாய் போனாலும் கோபம் போகாமல், ஒரே நேரத்தில் எழுந்து கத்தினார்கள். இரண்டு இரைச்சலும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்ட இடத்தில், இருவர் வாயிலிருந்தும் இல்லாமல் நடுவிலிருந்து, ஸ்டேஷன் ஏட்டய்யாவின் குரல், இருவர் பெயரையும் சொல்லிவிட்டு, பளிச்சென்று வந்தது: "அண்ணன் கணக்கு முடிஞ்சுதுங்கய்யா, தம்பிகிட்டயும் வாங்கிட்டு அப்புறமா ரெண்டு பேரையும் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிரலாங்க. ஓவர்." கடையில் டீ ஆற்றும் சத்தம்கூட நின்றுவிட்டது. பிறகு தம்பி, "அண்ணா, நீயும் குடுத்தியா?" என்று நல்ல தமிழில் கேட்டான்.

ஒரே செய்தியில் பெயர் வந்த இருவர் ஒரே சமயத்தில் பேசினால் அந்தச் செய்தி வெளியே வந்துவிடும், வந்ததும் இருவர் பூட்டும் திறந்துகொள்ளும். இது தெரிந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் பேரூராட்சிச் சமுதாயக்கூடத்தில் ஜோடி பார்ப்பது என்று ஏற்பாடானது. கல்யாணத் தரகர் ஒருவர்தான் பொறுப்பு, அவருக்குத்தான் அந்த வேலை பழக்கம். பூட்டு விழுந்தவர்கள் எதிரெதிர் சேர்களில் உட்கார்ந்து, மணி அடித்ததும் சேர்ந்து பேசுவார்கள். பொருந்தாவிட்டால் ஒரு சேர் நகர்ந்துகொள்வார்கள். இரைச்சல்களை நன்றாகக் கேட்டுப் பழகியவர்கள் என்பதால் மகுடேஸ்வரியும் சூசையும் சுற்றி நடந்து, "இது கொஞ்சம் ஒட்டுதுங்க, இன்னொருக்கா பேசுங்க" என்று சொல்வார்கள். பொருந்திய இடத்தில் வந்த செய்திகளைக் கேட்டு அழுதவர்களும் உண்டு, பொருந்திவிடுமோ என்று பயந்து வயிற்றுவலி என்று வீட்டிலேயே இருந்துகொண்டவர்களும் உண்டு.

இப்படி இருக்கும்போதுதான் பைபாஸில் இளநீர் விற்கும் ராக்கியண்ணன்மேல் ஒரு வண்டி ஏறியது. அவர் பக்கத்து ஊர்க்காரர். இரண்டு காலும் முறிந்து பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். பழைய காலமாக இருந்தால் எந்த வண்டி, யார் ஓட்டியது என்று அவர் காய்கள் உருண்டு நிற்பதற்குள் எங்களுக்குத் தெரிந்திருக்கும். இப்போது இரைச்சல்தான் கேட்டது. மகுடேஸ்வரி கடையில் செட்டுக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டிருந்தாள். அந்த இரைச்சலில் எந்தப் பெயரும் இருக்கலாம், எல்லாப் பெயரும் இருக்கலாம். தாள் மெஷினில் சிக்கிக் கசங்கியதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

சடையப்பன் மறுநாள் சாயங்காலம் முழுசாக வந்து சேர்ந்தான். லாரியை நிறுத்தி, செருப்பைக் கழற்றி, வாசலில் நின்று அவளைப் பார்த்து வாயைத் திறந்தான். அப்பளம் பொரிந்தது.

மகுடேஸ்வரி அழவில்லை. சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். "எங்காச்சும் இடிச்சீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினான். "யாரையாச்சும் அடிச்சீங்களா?" இல்லை. "பைபாஸ்ல அந்நேரம் வந்தீங்களா?" ஆமாம் என்று ஆட்டிவிட்டு, ஆட்டிய தலையை அவனே பயத்தோடு கையால் பிடித்துக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்து ஏட்டய்யா கடைக்கு வந்தார்.

"அம்மிணி, ஊட்டுக்காரரத் திங்கக்கிழமை காலையில ஸ்டேஷனுக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போகச் சொன்னாருங்க அய்யா."

"எதுக்குங்க கையெழுத்து?"

"வந்தாத் தெரியும்."

"அவருக்குத்தான் பேச்சு வரலீங்களே."

"அதனாலென்ன," என்றார் ஏட்டய்யா. அவர் நல்ல மனிதர், ஆறுதலாகத்தான் சொன்னார். "எல்லாம் எழுதியே வச்சிருக்குது. அவரு ஒண்ணும் பேச வேண்டியதே இல்ல."

இளநீர்க்காரர் கால் யார் தலையில் விழப்போகிறது என்று அவளுக்குப் புரிந்தது. திங்கட்கிழமைக்குள் சடையப்பனின் ஜோடியைக் கண்டுபிடிக்காவிட்டால், அவன் வாயைத் திறக்காமலேயே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டவனாகிவிடுவான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சமுதாயக்கூடத்தில் அவனை எல்லாச் சேருக்கு எதிரிலும் உட்கார வைத்தாள். தர்மகர்த்தாவோடு ஒட்டவில்லை, சீட்டுக் கம்பெனியோடு ஒட்டவில்லை, டெய்லரோடு ஒட்டவில்லை. தரகர் தோளைத் தட்டி, "சில பேருக்கு நேரமாகுமுங்க" என்றார். சேர்களை அடுக்கும்போதுதான் சூசை சொன்னார்:

"மகுடேஸ்வரி, இந்த ஊர்ல பூட்டு விழுந்தும் ஒருக்காகூட இங்க வராத ஆளு ஒருத்தன்தான்."

பேரூராட்சித் தலைவரின் மகன் நவநீதன். சேர்மன் பையன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவனுக்குப் பூட்டு விழுந்ததும் இரண்டு இடத்தில் பேனர் வைத்திருந்தார்கள், மந்திரி வருகைப் பந்தோபஸ்தில் பெயர் இடம்பெற்ற எங்கள் சிங்கமே என்று. மந்திரி யாரும் வரவில்லை என்பதை யாரும் கேட்கவில்லை. அவனுடைய கார் அந்த வாரம் முழுதும் ஷெட்டில் தார்ப்பாய்க்குள் கிடந்தது என்பதையும் யாரும் கேட்கவில்லை.

"அவன் எப்படீண்ணா நம்ம சேர்ல வந்து உக்காருவான்?" என்றாள் மகுடேஸ்வரி.

"உக்கார வேண்டாம், நின்னாப் போதும். இன்னைக்குச் சாயங்காலம் பஸ் ஸ்டாப் நிழற்குடை திறக்கறான். சவுண்ட் செட்டு நம்முளுதுதான்." சூசை அடுக்கிய சேர்மேல் இன்னொரு சேரை வைத்தார். "மேடை மைக்கு ஒண்ணு. ஸ்பேர் மைக்கு ஒண்ணு எங்கிட்ட இருக்கும். நான் அதைத் தொட மாட்டேன். நான் பட்டனை அழுத்தக் கூடாதுன்னு ஊருக்கே சொன்னவன்."

நிழற்குடை திறப்பு விழாவில் நல்ல கூட்டம். நவநீதன் மைக்கைப் பிடித்து இரைந்தான். பூட்டு விழுந்ததிலிருந்து அவன் பேச்சு முன்னைவிட நன்றாக இருக்கிறது என்றுதான் பொதுவான அபிப்பிராயம். எங்கே குரல் ஏறுகிறதோ அங்கே கைதட்டினால் போதும், பொருள் புரிந்து சங்கடப்பட வேண்டியதில்லை. இன்ஸ்பெக்டர் மேடையில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து எல்லாம் புரிந்தவர்போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பூட்டு விழுந்தவன் பூட்டு விழுந்தவனுக்குப் பக்கத்தில் பேசினால் ஆபத்து என்று நவநீதனுக்குத் தெரியும். அதனால் மேடைக்குக் கீழே நான்கு பையன்கள் நின்று, இரைச்சல் உள்ளவர் யாரையும் அண்டவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். சவுண்ட் சர்வீஸ் மேசை மேடைக்குப் பின்னால் இருந்ததை அவர்கள் நினைக்கவில்லை. பேசாமல் இருந்திருந்தாலும் தப்பித்திருப்பான். ஆனால் பேசாமல் இருப்பது அவன் தொழிலில் இல்லை.

மேசைக்குப் பின்னால் ஸ்பேர் மைக் கிடந்தது. சூசை அந்தப் பக்கம் திரும்பாமல் ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சடையப்பனைக் கூட்டிக்கொண்டு அங்கே வந்திருந்த மகுடேஸ்வரி அதை எடுத்தாள். பல வருஷங்களாகக் கேட்க மட்டுமே பழகிய விரல் அந்த ஸ்விட்சின்மேல் போய் நின்று, அங்கே பிளாஸ்திரி இல்லாததால் கொஞ்சம் திகைத்து, பிறகு தள்ளியது. மைக்கைக் கணவன் வாய்க்கு நேரே பிடித்து, "பேசுங்க" என்றாள்.

"என்னத்தப் பேசறது?" என்பதைத்தான் சடையப்பன் இரைச்சலாகச் சொன்னான் என்று பிறகு சொல்லக் கேட்டோம்.

கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்கள் அத்தனையிலும் இரண்டு இரைச்சலும் போய் முட்டி, ஒரு கணம் ஒன்றுமே கேட்காமல் போய், பிறகு இன்ஸ்பெக்டரின் குரல் தெருவெல்லாம் கேட்டது: "ரைட்டர், நல்லாக் கேட்டுக்கங்க. பைபாஸ்ல இளநீர்க்காரன்மேல ஏத்துனது நம்ம சேர்மன் பையன் நவநீதன். காரை எழுத வேணாம். அந்நேரத்துக்குத் தீவன லாரியில வந்த டிரைவர் சடையப்பன்னு ஒருத்தன். அவனைப் போட்டு எழுதி வைங்க. ஓவர்."

மேடையில் இருந்த இன்ஸ்பெக்டர் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தார் என்பதை எல்லோரும் பார்த்தோம். பூட்டுத் திறந்துவிட்ட நவநீதன், "ஆகவே இந்த நிழற்குடையை..." என்று தமிழில் மூன்று வார்த்தை பேசிவிட்டு, தன் குரலைக் கேட்டுத் தானே பயந்து நிறுத்தினான். பழக்கத்தில் இரண்டு பேர் கைதட்டினார்கள்.

ஆனால் ஒலிபெருக்கியில் வந்ததெல்லாம் சாட்சியாகாது. கூட்டம் கலையும்போது ஏட்டய்யா மெல்ல வந்து, "நாளைக்குக் காலையில கையெழுத்து, மறந்துறாதீங்க" என்றார். அவருக்குச் சொன்னதை அவர் சொன்னார்.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் பால்காரர் "பால்" என்று கூவியது இரைச்சலாக வந்தது. "ஏன், உங்களுக்குமா?" என்று கேட்க வாயைத் திறந்த பெண்களுக்கும் இரைச்சல் வந்தது. நியூஸ் பேப்பர் போடுகிறவர், பூக்காரம்மா, தலைவர், டாக்டர், பூட்டு விழவில்லையே என்று ஏங்கிய மூன்றாவது வார்டு கவுன்சிலர் என்று ஊர் முழுதும் ஒரே பொரியலாகப் பொரிந்தது. முந்தின நாள் ராத்திரி, ஊர் தூங்கிய பிறகு, டி.எஸ்.பி. மைக்கில் நொச்சிமேட்டூர் ஜனம் மொத்தத்தையும் பெயர் சொல்லிப் பேசியிருக்கிறார் என்று ஊகிக்க யாருக்கும் சிரமமில்லை. பெயர் அவ்வளவு பெரியதாக இருந்ததால் யாரும் தப்பவில்லை, இரண்டு பேர் சேர்ந்து பேசியும் திறக்கவில்லை. நம்பரால் மட்டுமே அழைக்கப்படுகிறவர்கள் தப்பித்தார்கள்.

மகுடேஸ்வரியின் வாய்க்கும் பூட்டு விழுந்திருந்தது. ஒரு ராத்திரி மட்டும் பேசிய சடையப்பனுக்கும் மறுபடி விழுந்துவிட்டது. இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் சட்டையை இஸ்திரி போட்டு, கதவைச் சாத்தி, ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். ஸ்டேஷனில் அவர்கள் சொல்வது யாருக்கும் புரியப்போவதில்லை, எழுதி வைத்ததில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வழியில்லை. அவர்கள் போவதைப் பார்த்துக் குப்புராஜ் அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னால் வந்தார். அண்ணனும் தம்பியும் வந்தார்கள், டெய்லர் வந்தார், தரகர் மணியோடு வந்தார். ஏன் வருகிறோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள முடியாததால் யாரும் யாரையும் தடுக்கவும் முடியவில்லை. ஸ்டேஷனை அடையும்போது தெரு நிறைந்திருந்தது. போலீஸ் குடியிருப்பிலிருந்து இன்ஸ்பெக்டரின் மனைவிகூடக் கையில் பால் பாக்கெட்டோடு வந்து வேலியோரம் நின்றார்.

இன்ஸ்பெக்டர் வாசலுக்கு வந்தார். ரைட்டர் தாளையும் பேனாவையும் நீட்டினார்.

"ம், போடுப்பா," என்றார் இன்ஸ்பெக்டர்.

சடையப்பன் பேனாவை வாங்கவில்லை. மகுடேஸ்வரி தரகரைத் திரும்பிப் பார்த்தாள். தரகருக்கு என்ன தோன்றியதோ, ஞாயிற்றுக்கிழமை வழக்கப்படி மணியை அடித்தார். அடித்ததும், ஞாயிற்றுக்கிழமை வழக்கப்படி எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். ஒவ்வொருவரும் ஒவ்வொன்று பேசினோம். பால் பாக்கி, பிள்ளையின் காய்ச்சல், 'அவரை விடுங்க' என்பது, பெரும்பாலும் 'அவரை விடுங்க' என்பது. அத்தனை இரைச்சலும் ஒன்றுசேர்ந்து ஒரே குரலானது. எல்லோருக்கும் நன்றாகப் பழகிய குரல். பல நாளாகக் கேட்காமல் ஏங்கிய குரல்.

"நாப்பத்தொண்ணு, லைன்ல இருக்கியா, இல்ல டீக்கடையில இருக்கியா?"

இன்ஸ்பெக்டரின் கை தானாக நெற்றிக்குப் போனது. குதிகால்கள் சேர்ந்தன. "எஸ் சார்," என்றார் ஊரைப் பார்த்து.

"பூட்டுப் போட்டுக் குடுத்தும் நொச்சிமேட்டூர் ஜனம் மொத்தமும் கேட்டிருக்கு. ஒரு காரை மறைக்கத் தெரியல உனக்கு. நீயெல்லாம் எதுக்கு யூனிபார்ம் போடுற? காலையில முதல் வேலையா அந்த டிரைவர்கிட்ட கையெழுத்தை வாங்கு. ஆஸ்பத்திரியில கிடக்குற ஆளு நல்லாப் பேசுறானாமே, யாரும் போய்க் கேட்டுத் தொலைச்சுராதீங்க. உன்னோட சேவல் புத்திக்கு நான் மேல பதில் சொல்லிட்டிருக்கேன். புரிஞ்சுதா? ஓவர்."

"எஸ் சார். ரோஜர் சார்."

சொல்லிவிட்ட பிறகுதான் இன்ஸ்பெக்டருக்கு யாருக்குச் சல்யூட் வைத்துக்கொண்டு நிற்கிறோம் என்பது தெரிந்தது. கையை இறக்குவதா வேண்டாமா என்று யோசித்து, பாதியில் வைத்திருந்தார். தெருவில் எல்லோர் வாய்ப்பூட்டும் திறந்திருந்தது, ஆனால் யாரும் பேசவில்லை. திட்டு முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பது பழைய வழக்கம்.

சடையப்பன்தான் முதலில் பேசினான். "நான் என்ன சொன்னேன்னு எழுதியிருக்கீங்க? கொஞ்சம் வாசிங்க, கேட்டுக்கறேன்."

ரைட்டர் தாளைப் பார்த்தார், இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். வாசிக்க முடியவில்லை. தாளில் எழுத்து நன்றாகத்தான் இருந்தது.

"ஆஸ்பத்திரியில இருக்கறவரு நல்லாப் பேசறாருன்னு உங்க டி.எஸ்.பி. அய்யாவே சொல்லிப்போட்டாருங்க," என்றாள் மகுடேஸ்வரி. அவள் குரல் தெருக்கோடி வரை கேட்டது. "வாங்க, போய்க் கேக்கலாம். நாங்களும் வர்றோம்."

வேலியோரம் நின்ற இன்ஸ்பெக்டரின் மனைவி, "போயிட்டு வாங்க," என்றார். "நான் பாலைக் காய்ச்சி வைக்கிறேன்."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு நடந்தார். ஊர் பின்னால் நடந்தது. ராக்கியண்ணனுக்கு ஒரு நாளும் பூட்டு விழுந்ததில்லை. அவர் பெயரை மைக்கில் யாரும் சொல்லவேயில்லை, இளநீர்க்காரன் என்று சொன்னதோடு சரி. கட்டுப்போட்ட கால்களுக்குப் பின்னாலிருந்து அவர் தெளிவாகச் சொன்னார்: "லாரியெல்லாம் இல்லீங்க சாமி. தாழ்வான கார், வெள்ளை. ஓட்டுன தம்பி இறங்கிவந்து என்ற மூஞ்சிய டார்ச் அடிச்சுப் பார்த்துட்டுத்தான் போனாரு. நான் அன்னைக்கே சொல்லியிருப்பனுங்க. யாராச்சும் வந்து கேப்பாங்கன்னு பார்த்துட்டே இருந்தேன்."

இன்ஸ்பெக்டர் அதைத் தன் கையாலேயே எழுதிக்கொண்டார். சடையப்பனுடைய தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு அவன் பார்த்துக்கொண்டேயிருந்ததால் வெளியே எடுத்து நான்காகக் கிழித்து, நர்சிடம் குப்பைத்தொட்டி எங்கே என்று கேட்டார்.

சடையப்பன் மத்தியானமே லோடு ஏற்றப் போய்விட்டான். மகுடேஸ்வரி கடையைத் திறந்து செட்டைப் போட்டாள். இரைச்சல்தான் வந்தது. அப்புறம் செட்டை அணைத்துவிட்டு அவனுக்குப் போன் அடித்தாள். அவன் எடுத்தான். "பேசுங்க," என்றாள். "எதுக்கு?" என்றான் அவன். அவள் அரிசி களைய எழுந்துபோனாள்.

மறுநாள் காலையில் இன்ஸ்பெக்டர் வழக்கம்போலக் குப்புராஜ் கடைக்கு வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். குப்புராஜ் டீயை ஆற்றி, அவர் பக்கம் பார்க்காமல், இரண்டு ஸ்பூன் சர்க்கரை கூடுதலாகப் போட்டுக் கலக்கி வைத்தார். இன்ஸ்பெக்டர் கிளாசை எடுத்து ஒரு வாய் குடித்தார். பிறகு மிச்சத்தையும் குடித்தார்.